புளியரையில் இரவுப் பணி

என் வேலை டயர்களுக்கு மருந்தடிப்பது.
கேரளத்தில் கோழிக்குக் காய்ச்சல் என்று
பேப்பரில் வந்த மறுநாள் எடுத்தார்கள்.
மூன்று மாத ஒப்பந்தம்,
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு.

முதல் வாரம் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை.
பகலில் ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் படுத்தேன்;
மீன்காரர் ஹாரன் போர்வையில் ஓட்டை போட்டது.
ராத்திரிக்கென்று செய்த உடம்பில்லை இது.
செங்கோட்டை மருந்துக்கடையில்
ஜெலுசில் கேட்கும்போதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ராத்திரிக்கென்றே செய்த உடம்புகள்
எஸ் வளைவுக்கு மேலே இருக்கின்றன.
கூகைக்கு ஒரு காது ஏற்றம், ஒரு காது இறக்கம்.
சருகுக்கடியில் சுண்டெலி அசையும் இடத்தை
அந்தக் கோணல்தான் அளந்து கொடுக்கிறது.
சிறகோரத்தில் சீப்புப் பல்;
காற்றைச் சிக்கெடுத்துக்கொண்டே பறப்பதால்
சத்தம் வருவதில்லை.
விழி திரும்பாது அதற்கு, குழாய்போல் இறுகிவிட்டது.
கழுத்தே திரும்புகிறது,
முதுகுக்குப் பின்னால் நிற்கும் என்னைப் பார்க்குமளவு.

குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில்
சூட்டைப் பார்க்க ஒரு பள்ளம்.
அதன் கணக்கில் நான்
பூட்ஸ் போட்ட ஒரு டீ கிளாஸ்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கரண்டு போனது.
ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்தது.
"இந்தா வந்துருதேன் யக்கா" என்று
மைதீன்பிச்சை கேனோடு டீசலுக்குப் போனான்.
தடுப்புக்கம்பை இறக்கிவிட்டு நின்றேன்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு கம்பின் வெள்ளைப் பட்டைகள்.
சிவப்புப் பட்டைகள் வரவில்லை,
கடைசிவரை கறுப்பாகவே இருந்தன.
கால்மணி கழித்து மலையின் விளிம்பு.
இன்னும் கொஞ்சம் பொறுத்தால்
புளியமரத்தின் இலையை எண்ணிவிடலாம் போலிருந்தது.
அதற்குள் கோட்டவாசலிலிருந்து இறங்கிய லாரி
நான் சொட்டுச்சொட்டாய்ச் சேர்த்த இருட்டை
ஒரே வீச்சில் கொட்டிவிட்டது.

கூசிய கண்ணைத் திறந்தால்
தடுப்புக்கம்பின் மேல் இரண்டு கங்கு.

புளியமரக் கிளை தொடும் முனையிலிருந்து
நடு ரோட்டுக்கு வந்திருந்தது அது.
அரசாங்கம் போட்ட கம்பை
இன்னொரு கிளை என்று நினைத்திருக்கும்.
வெளிச்சம் பட்ட இடத்திலேயே உறைந்துபோய்,
குச்சிக்கையால் கம்பைக் கட்டிப் பிடித்தபடி,
முகம் முழுக்கக் கண்ணாக.
அந்தக் கண்ணின் பின்சுவரில் ஒரு கண்ணாடி உண்டு.
முதல் தடவை தப்பிய வெளிச்சத்தை
மறுபடி பிடிக்க வைத்திருப்பது.
நட்சத்திரத்துக்குப் போதும்.
அசோக் லேலண்டுக்கு?

ஓடிப்போய்க் கையை ஆட்டினேன்.
"எந்தா சேச்சி?"
காலிக் கோழிக்கூண்டுகளுக்கு முன்னால்
தலையை நீட்டினான் டிரைவர்.
"லைட்டை அமத்துங்க. தேவாங்கு."
"அய்யோ, குட்டித்தேவாங்கோ?"
ரோட்டுக்கு இரண்டு பக்கமும் அதற்கு ஒரே பேர்தான்.
அணைத்தான்.
பின்னால் வந்த வைக்கோல் லாரி அணைத்தது.
அதற்குப் பின்னால் வந்த கார்க்காரர்
திட்டிவிட்டு அணைத்தார்.

மறுபடி ஒன்றுமில்லை.
எஞ்சின்கள் ஆறும் டிக் டிக்.
கூண்டுகளிலிருந்து இறகு வாடை.
எங்கள் நாலைந்து பேரின் கண்களும்
முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தன.
கம்பின் மேல் ஒரு கை முன்னால் போனதா,
நான் நினைத்துக்கொண்டேனா, தெரியாது.
அது நடந்தால் இலைகூட அறியாது.

"போயோ?" என்றான் டிரைவர் கிசுகிசுப்பாக.
டார்ச் அடிக்க மனசில்லை.
கையுறையைக் கழற்றி, இந்த முனையிலிருந்து
கம்பைத் தடவிக்கொண்டே போனேன்.
குளிர்ந்த இரும்பு. உரிந்த பெயின்ட்.
நடுவில் ஓரிடம் வெதுவெதுப்பாய் ஈரம்.
வழுக்காமல் பிடிக்க
மூத்திரத்தில் கை நனைத்துக்கொள்ளுமாம் அது.
அதற்கப்பால் எதிர்முனைவரை, திட்டுத்திட்டாக,
ஆறு ஏழு இடத்தில் நனைந்திருந்தது.

கம்பைத் தூக்கினேன்.
டயர்களுக்கு மருந்தடித்தேன், நான்கு பக்கமும்.
கையை மட்டும் உடனே கழுவவில்லை.
பதிவேட்டில் "தாமதத்துக்குக் காரணம்" என்ற கட்டத்தில்
மின்தடை என்று எழுதினேன்,
மைதீன்பிச்சை திரும்பி வந்து
ஜெனரேட்டரை உதைத்து எழுப்பிய பிறகு,
எழுத்து தெரியாத அளவு வெளிச்சத்தில்.